விரிசல் மேடம்

துணியால் ஒரு தடவை துடைத்தாயிற்று. இன்னொரு தடவையும் துடைத்தாயிற்று. அப்படியும் திருப்தி வராமல் கையுறையைக் கழற்றிவிட்டு, இரும்புத் தகடுகளை ஒட்டவைத்த வெல்டின் முதுகை வெறும் விரலால் தடவிப் பார்க்கிறார் மேடம். அப்புறம்தான் டப்பாவைக் குலுக்கிச் சிவப்பு மையைப் புஸ்ஸென்று அடிக்கிறார். மை ஊறக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் சும்மா இருக்க மேடத்தால் முடியாது. பாலத்தின் வயிற்றுக்குள், நிமிர்ந்து உட்கார இடமில்லாத இரும்புப் பெட்டியில் மல்லாந்து படுத்தபடி, தலைவிளக்கு வெளிச்சத்தில் இரும்போடு பேச ஆரம்பித்துவிடுவார். "வெக்கப்படாத. இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் ஒண்ணும் திட்டமாட்டேன்."

பிறகு மையைத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடிப்பார். வெல்டு நல்லபடியாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே கிடக்கும். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்து ஒளிந்துகொண்ட சிவப்பு மெல்லக் கசிந்து, தலைமுடி கனத்தில் ஒரு கோடாக எழும்பும். அதைப் பார்த்ததும் மேடத்தின் முகத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, ஊருக்குப் போன பிள்ளை வீடு திரும்பினால்கூட அப்படி வராது. "வாடி என் கண்ணு! எத்தன நாளா இங்க குடியிருக்க?"

பாலங்கள் துறையில் ஆய்வுப் பொறியாளர் அவர். 'விரிசல் மேடம்' என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒரு நாள் ஆபீஸ் தொலைபேசியை எடுத்து, "விரிசல் மேடம்தான் பேசறேன், சொல்லுங்க" என்றாரே பார்க்கலாம், சுற்றியிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அன்றையிலிருந்து தலைமைப் பொறியாளரைத் தவிர எல்லோரும் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'திடீர்னு.' யாராவது, "அந்தக் கம்பி திடீர்னு உடைஞ்சுபோச்சு மேடம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "இரும்பு எதையும் திடீர்னு செய்யாது. ரொம்ப நாளா சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கும். நீங்க காதுல போட்டுக்கல, அவ்வளவுதான்" என்பார். உடனே புடவையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துக் காட்டுவார். ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாத ஊக்கு, வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று கையோடு வந்துவிடும். "லாரி ஒரு தடவ போனா பாலத்துக்கு ஒண்ணுமில்ல. தினம் தினம் அதே இடத்துல மிதிச்சா இரும்பு அலுத்துப்போகும். நம்மள மாதிரி அது லீவு கேக்காது. ஒரேயடியா வேலைய விட்டுட்டுப் போயிடும்."

மற்ற வீடுகளில் கோப்பையும் கேடயமும் வைக்கிற கண்ணாடி அலமாரியில், இவர் வீட்டில் உடைந்த சாமான்கள் உட்கார்ந்திருக்கின்றன. சைக்கிள் பெடல், கதவுக் கீல், மூக்குக்கண்ணாடியின் காது, கைப்பிடி போன வாணலி. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் அலுக்க ஆரம்பித்தது, எங்கே வந்து விட்டுக்கொடுத்தது என்று உடைந்த முகத்தைப் பார்த்தே ஜாதகம் சொல்வார். வீட்டுக்காரர் பல் செட் செய்கிற டெக்னீஷியன். முன் அறையிலேயே அவருடைய பட்டறை. வருகிறவர்களிடம் மனைவியைக் காட்டி, "நானும் பாலம் கட்டறவன்தாங்க, வாய்க்குள்ள கட்டறேன். இவங்க பாலத்துக்குச் சம்பளம் கெடைக்குது, என் பாலத்துக்கு ஏச்சுதான் கெடைக்குது" என்பார். மேடம் முறைப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாத நாள் கிடையாது.

இப்பேர்ப்பட்ட மேடமே கலங்கிப்போன ஒரு சமயம் உண்டு. அது ஆற்றுப்பாலத்துக் கதை.

ஆற்றுப்பாலம் முழுக்க முழுக்க வெல்டு செய்த எஃகுப் பாலம். லாரி ஓடுகிற தளமே தடித்த எஃகுத் தகடுதான். அந்தத் தகடு தொய்ந்துவிடாமல் தாங்க, அடியில் நீளவாக்கில் தொட்டி போல மடித்த பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டு செய்திருக்கிறார்கள். பாலம் கட்டியபோது ஆற்றுக்கு அந்தக் கரையில் வெறும் வீடுகள். இப்போது அங்கே பெரிய கன்டெய்னர் கிடங்கு வந்துவிட்டது. பஸ்ஸும் காரும் போன பாலத்தில் பாரம் ஏற்றிய பெரிய லாரிகள் காலையிலிருந்து இருட்டும்வரை வரிசை கட்டின. போதாததற்கு, ஓரமாகச் சைக்கிள் பாதை ஒன்று போட்டார்கள். அதற்கு இடம் விட, சாலையில் இருந்த வெள்ளைக் கோடுகளை அழித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரைந்தார்கள்.

அடுத்த ஆய்விலேயே பாலத்தின் நடுப்பகுதியில் சிவப்புக் கோடுகள் எழும்பின. ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக. இந்தத் தடவை மேடம் "வாடி என் கண்ணு" என்று சொல்லவில்லை.

ஏனென்றால் கூடவே ஆய்வுக்கு வந்திருந்தவர் வெல்டர் அண்ணன். துறையிலேயே மூத்த வெல்டர். இளைஞராக இருந்தபோது இந்தப் பாலத்தின் தளத்தை வெல்டு செய்தவரே அவர்தான். வெல்டு வைத்த ஆள், பக்கத்திலேயே தன் எண்ணைத் தகட்டில் குத்தி வைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். யார் செய்தது என்று யாரிடமும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் அண்ணனுடைய எண், பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அவர் மேடத்திடமிருந்து விளக்கை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தலைமைப் பொறியாளர் பொல்லாதவர் அல்ல. கறாரானவர், அவ்வளவுதான். "லாரி ஏறும்போது வெல்டு மேல எவ்வளவு பாரம் விழுதுன்னு அளந்து பாத்துடுவோம். பாரம் அதிகமா இருந்தா லாரி மேல தப்பு. இல்லன்னா வெல்டு மேல தப்பு" என்றார். நியாயமான பேச்சு. போக்குவரத்தை நிறுத்தினார்கள். விரிசல் விட்ட வெல்டுகளுக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் மெல்லிய கேஜ்களை ஒட்டி, ஒயர் இழுத்து லேப்டாப்பில் மாட்டினார்கள். தகடு எவ்வளவு இழுபடுகிறதோ, அந்த அளவுக்குத் திரையில் கோடு எழும்பும்.

சோதனை லாரியின் டிரைவர், அந்தப் பாலத்தில் தினமும் வந்துபோகிறவர்தான். அன்றைக்கு மட்டும் சலவைச் சட்டை, படிய வாரிய தலை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல் ஓட்டிக் காட்டினார். நடுப்பகுதிக்கு வந்தபோது மேலே 'டொம்' என்று ஒரு சத்தம்.

"என்ன மேடம் அது?" என்றார் கீழே பெட்டிக்குள் மேடத்தோடு இருந்த வெல்டர் அண்ணன்.

"ரோட்டுல ஏதோ இரும்பு மூடி மேடா துருத்திக்கிட்டிருக்குண்ணே. சக்கரம் ஏறி இறங்குது" என்றார் மேடம். அவர் கண் திரையில் இருந்தது. கோடு பெயருக்கு அசைந்துவிட்டு அடங்கியது. பாரம் ஏற்றிய லாரிக்கு அது ஒன்றுமே இல்லை.

"அப்புறம் என்ன?" என்றார், மேலே நின்றிருந்த தலைமைப் பொறியாளர், அளவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு. "லாரியால அழுத்தமே வரல. ஆனா விரிசல் வந்திருக்கு. அப்ப வெல்டு சரியில்லன்னுதானே அர்த்தம்? மொத்த வெல்டையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா போடணும். பாலத்தை மூடியாகணும்."

"அப்படின்னா பாலம் முழுக்க விரிசல் வந்திருக்கணுமே சார்? நடுவுல மட்டும் ஏன் வருது?"

"நடுவுல வெல்டு வெச்ச அன்னைக்கு அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம். மனுஷன்தானே."

அறிக்கை வாரக்கடைசியில் போய்விடும். போனால் பாலத்தை மூடுவார்கள். அண்ணனின் வெல்டர் சான்றிதழ் பறிபோகும். இத்தனை வருடம் வைத்த வெல்டெல்லாம் சந்தேகக் கேஸாகிவிடும். அதைவிடக் கொடுமை, அண்ணனே அதை நம்ப ஆரம்பித்ததுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "நடுப்பகுதி போட்டப்ப எனக்குக் கல்யாணமான புதுசு மேடம். மனசு பூரா வீட்லதான் இருந்திருக்கும். கை நடுங்கியிருக்குமோ என்னவோ. சார் சொல்றது சரியாத்தான் இருக்கும்."

"உங்க கை நடுங்கியிருந்தா வெல்டு நெளிஞ்சிருக்கும்ணே. நான் தடவிப் பாத்திருக்கேன். சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அதட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் விரலால் தடவிப் பார்த்ததை அறிக்கையில் எழுத முடியுமா?

வீட்டுக்கு வந்த மேடம், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். வீட்டுக்காரர், யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பல் செட் ஒன்றை வெளிச்சத்தில் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். "பாரு, நட்டநடுவுல விரிசல். நான் செஞ்சது சரியில்லயாம். க்ளினிக்ல உக்கார வெச்சு 'கடிங்க'ன்னு சொன்னா எல்லாரும் நல்ல பிள்ளையா நேரா கடிச்சுக் காட்டுவாங்க. வீட்டுக்குப் போனதும் அவங்க பழக்கத்துக்கு ஒரே பக்கமா போட்டு மெல்லுவாங்க. உடைஞ்சா பழி என் தலையில."

மேடம் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை? பழி என் தலையிலங்கறதையா?"

"அதில்லங்க, அதுக்கு முன்னாடி!" என்று கத்தியவர், "டொம்!" என்றார். பிறகு சிரித்தார். மறுபடியும், "டொம்! டொம்!" என்றார். வீட்டுக்காரர் பாவம், பல் செட்டைக் கீழே வைத்துவிட்டு இவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

விஷயம் இதுதான். எத்தனையோ வருடமாக அந்தப் பெட்டிக்குள் படுத்து, தலைக்கு மேல் லாரிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறவர் மேடம். சோதனை அன்றைக்குக் கேட்ட அந்த 'டொம்' அவருக்கும் புதுசு, வெல்டர் அண்ணனுக்கும் புதுசு. மற்ற நாளில் அது ஏன் கேட்பதே இல்லை?

காலையில் அண்ணனை இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் போனார். தலைக்கு மேல் லாரிக்குப் பின் லாரியாக உறுமிக்கொண்டு போயின. இருவரும் மூச்சுவிடாமல் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு 'டொம்' கூட இல்லை. மேலே ஏறி நடைபாதையில் நின்று பார்த்தார்கள். அடேயப்பா, குட்டு வெளிப்பட்டுவிட்டது! முன்பெல்லாம் அந்த மூடி, லாரியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவில் கிடந்தது. கோட்டை நகர்த்தி வரைந்த பிறகு, இடது சக்கரம் போகிற வழியில் நேராக வந்துவிட்டது. எந்த டிரைவர் தெரிந்தே போய் மேட்டில் ஏற்றுவார்? ஒருத்தர் விடாமல், மூடிக்கு முன்னால் வண்டியை ஒரு முழம் வலது பக்கம் ஒடித்து, அதைத் தாண்டிப் போய் மெதுவாகத் திரும்பினார்கள். மேடம் சாலையின் குறுக்கே கோலமாவு போல வெள்ளைப் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தார். லாரிகள் போன பிறகு பார்த்தால், வலது டயர்களின் தடம் கீழே பட்டையின் வெல்டு ஓடுகிற அதே கோட்டின் மேல் விழுந்திருந்தது. எல்லா லாரியும், எல்லா நாளும், அதே வெல்டின் தலையில்.

"அண்ணே, உங்க சம்சாரத்துக்கிட்ட சொல்லிடுங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் மேடம். அண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் ஒரே துண்டால் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு சோதனை வைத்தே தீர வேண்டும் என்று மேடம் தலைமைப் பொறியாளரின் அறையில் ஒற்றைக் காலில் நின்றார். "அதே லாரி, அதே பாரம், அதே டிரைவர். ஒண்ணே ஒண்ணுதான் சார் மாறணும். அவர் நல்ல பிள்ளையா ஓட்டக் கூடாது."

சொல்வது சுலபம். டிரைவர் மறுபடியும் சலவைச் சட்டையோடு வந்து, தலைமைப் பொறியாளரைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். "ஆபீசர் யாரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு, தினம் எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்க தம்பி" என்றார் மேடம்.

"எப்படிம்மா நெனைக்கறது? கண்ணு முன்னாடியே நிக்கறாங்களே."

மேடம் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "எல்லாரும் உள்ள வாங்க" என்று சொல்லி, தலைமைப் பொறியாளர் உள்பட அத்தனை அதிகாரிகளையும் ஏணி வழியாகப் பாலத்தின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டார். வெளுத்த சட்டைகள் முட்டி போட்டுத் தவழ்ந்தன. யாருடைய தலையோ இரும்பில் இடித்த சத்தம் கேட்டது. மேடம் ஃபோனில், "இப்ப ஒருத்தரும் இல்ல தம்பி. கிளம்புங்க" என்றார்.

லாரி வந்தது. பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது. ஆள் பழைய நிலைமைக்குத் திரும்பிவிட்டார் என்று மேடம் தெரிந்துகொண்டார். நடுப்பகுதியை நெருங்கியது. எல்லோரும் காதைத் தீட்டினார்கள். 'டொம்' வரவில்லை. ஆனால் திரையில் கோடு எகிறியது பாருங்கள், முதல் சோதனையில் பார்த்தது அதற்கு முன்னால் கால்தூசி. லேப்டாப்பைப் பிடித்திருந்தவர் "ஐயையோ" என்றே சொல்லிவிட்டார். தலைமைப் பொறியாளர் நம்பாமல் மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் எகிறியது. இன்னொரு தடவை. அப்போதும்.

"அப்ப வெல்டு..." என்று இழுத்தார் அவர்.

"வெல்டு தங்கம் சார்! இத்தனை அடியையும் வாங்கிக்கிட்டு இவ்வளவு நாள் தாங்கியிருக்கே, அதுக்குக் கோவில் கட்டணும்."

தலைமைப் பொறியாளர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டார். தோற்றுவிட்ட முகம் அல்ல அது, கணக்குப் புரிந்துவிட்ட முகம். "சரி, விரிசல் மேடம்" என்றார். அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "கோட்டை மாத்துவோம், மூடியைச் சமமாக்குவோம், லாரி விடுவோம். ஆனா ஒரு கண்டிஷன். மழைக்காலம் முடிஞ்சு திறந்து பாக்கும்போது விரிசல் ஒரு நூல் ஓடியிருந்தாலும் வெல்டு மேலதான் தப்பு. பாலத்தை மூடுவேன், அண்ணன் சான்றிதழும் போயிடும். அதுவரைக்கும் அது நிறுத்தி வெச்சதாத்தான் இருக்கும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்" என்றார் மேடம், யோசிக்காமலேயே. வெளியே வந்த பிறகுதான், எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பது உறைத்தது.

விரிசல் என்றதும் மேலே இன்னொரு வெல்டைப் போட்டுப் பூசி மெழுகிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மேடத்துக்கு அது அறவே பிடிக்காது. விரிசல் எங்கே போய் முடிகிறதோ, அந்த நுனியைச் சிவப்பு மை வைத்துக் கண்டுபிடித்து, அங்கே டிரில்லால் வட்டமாக ஒரு ஓட்டை போடச் சொன்னார். "ஓட்டைய அடைக்கச் சொன்னா நீங்க போடறீங்களே மேடம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "கூர் முனை இருக்கறவரைக்கும் அது கிழிச்சுக்கிட்டே போகும். வட்டத்துக்குள்ள வந்து விழுந்துட்டா, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுடும்." சான்றிதழ் இல்லாதவர் வெல்டு வைக்கத்தான் கூடாது, டிரில் பிடிக்கலாமே? ஓட்டைகள் அத்தனையையும் வெல்டர் அண்ணனே போட்டார். ஒவ்வொன்றின் விளிம்பையும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்த்துவிட்டார். பெயிண்டர்கள் வந்து பழைய கோட்டைச் சுரண்டி, புதுக் கோடு போட்டார்கள். கிடங்கு லாரிகள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடத் தொடங்கின.

அந்த மழைக்காலத்தில் மேடம் சரியாகச் சாப்பிடவில்லை. இடி இடித்தால்கூடப் பாலம் ஞாபகம்தான். "உன் பாலத்தைவிட நீதான் சீக்கிரம் அலுத்துடுவ போலிருக்கு" என்றார் வீட்டுக்காரர். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மேடம், அன்றைக்கு "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார். அதில் வீட்டுக்காரருக்கே பயம் வந்துவிட்டது.

மழை விட்டது. ஆய்வு நாள் வந்தது. தலைமைப் பொறியாளரும் மற்றவர்களும் பாலத்தின் நடைபாதையில் வந்து நின்றார்கள். வெல்டர் அண்ணன் உள்ளே வர மறுத்துவிட்டார். "மூட்டு வலி மேடம். தவழ முடியாது. நீங்க போய்ப் பாருங்க" என்றார். நேற்றுவரை நன்றாகத்தான் தவழ்ந்துகொண்டிருந்தார். மேடம் ஏணியில் இறங்கினார்.

துடைத்தார். மை அடித்தார். காத்திருந்தார். இந்தத் தடவை இரும்போடு பேச்சில்லை. வெள்ளைப் பொடியை அடித்துவிட்டு ஒவ்வொரு ஓட்டையாக விளக்கைக் கொண்டுபோனார். பழைய விரிசலின் சிவப்பு ஓட்டைவரைக்கும் வந்து நின்றிருந்தது. அதைத் தாண்டி வெள்ளை. அடுத்ததிலும் வெள்ளை. அதற்கடுத்ததிலும். கடைசி ஓட்டையில் பொடி சரியாக ஒட்டவில்லையோ என்று சந்தேகம் வந்து, முதலிலிருந்து அத்தனையையும் செய்தார். அங்கேயும் வெள்ளை, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. தலைக்கு மேல் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேடம் மல்லாந்து கிடந்தபடியே வாய்விட்டு அழுதார், அப்புறம் சிரித்தார். இரும்புப் பெட்டி இரண்டையும் பெரிதாக எதிரொலித்தது.

மேலே வந்தபோது முகமெல்லாம் சிவப்பும் வெள்ளையும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தலைமைப் பொறியாளர் வாயைத் திறக்கும்முன், மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசிக்குப் போனார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார் வெல்டர் அண்ணன். மேடம் கம்பியிலிருந்து அவருடைய வலது கையை விடுவித்து, குத்துச்சண்டையில் ஜெயித்தவர் கையை நடுவர் தூக்குவதுபோல, பாலத்தின் நட்டநடுவில், போகிற வருகிற லாரிகள் எல்லாம் பார்க்கும்படி உயரத் தூக்கிப் பிடித்தார்.